குளிரில் கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

குளிர்கால ஓட்டச் சவால் நல்லபடியாக முடிந்தது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுக் கழகத்துக்காக நீங்கள் தந்த பணம் முழுவதும் கழகத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது. கூடைப்பந்து ஆடுவதற்கான புது சக்கர நாற்காலிகளுக்கு அளவெடுக்கும் வேலையும் தொடங்கிவிட்டது.

நாற்காலிக்கு எதற்கு அளவு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கும் நாற்காலியை வைத்துக் கூடைப்பந்து ஆட முடியாது. ஆட்டத்துக்கான நாற்காலியில் இரண்டு பெரிய சக்கரங்களும் அடிப்பக்கம் வெளியே விரிந்து, சாய்ந்து நிற்கும். அப்போதுதான் சட்டென்று திரும்ப முடியும். இரண்டு நாற்காலிகள் மோதும்போது விரல்களும் நசுங்காது. பின்னால் சாய்ந்து விழாமல் இருக்க ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். இடுப்பின் அகலம், தொடையின் நீளம், முதுகை எந்த உயரம் வரை தாங்க வேண்டும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவது, பொருந்தாத ஷூ போட்டுக்கொண்டு ஓடுவதைப் போலத்தான். வளையத்தின் உயரம் மட்டும் எல்லோருக்கும் அதே 3.05 மீட்டர்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் உடல் இயக்கத்தைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு, இயக்கம் குறைந்தால் புள்ளியும் குறையும். சர்வதேசப் போட்டிகளில், களத்தில் இருக்கும் ஐந்து பேரின் புள்ளிகளையும் கூட்டினால் 14-ஐத் தாண்டக் கூடாது. அதனால் உடலை அதிகம் அசைக்க முடியாதவருக்கும் அணியில் இடம் உண்டு. அவர் இல்லாமல் அணியே அமையாது.

ஏன் குளிர்காலத்தில் ஓட வேண்டும், வெயில் வந்த பிறகு செய்யக் கூடாதா என்றும் கேட்டீர்கள். அதற்குக் காரணம் எங்கள் அணித் தலைவி அக்கா. அவருக்குத் தண்டுவடத்தில் காயம். குளிரில் என் உடம்பு நடுங்கும், அந்த நடுக்கத்திலேயே கொஞ்சம் சூடும் வரும். அக்காவுக்குக் காயத்துக்குக் கீழே அந்த நடுக்கம் வராது. கால் சில்லிட்டுப் போனாலும் தெரியாது, கையால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பயிற்சி அரங்கில் சூடு இல்லையென்றால் அவர் போன்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான். வருடா வருடம் குளிர்காலத்தில் அணி பாதியாகக் கரைந்துபோகும். அதனால் உங்கள் பணத்தில் ஒரு பகுதி அரங்கைச் சூடாக வைத்திருப்பதற்கும் போகிறது. படம் எடுத்துக் காட்ட முடியாத செலவுதான், ஆனால் அதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், என்னோடு சேர்ந்து ஓடிய தம்பிக்கு நன்றி. அவருக்குப் பார்வை இல்லை. என் கையையும் அவர் கையையும் ஒரு சின்னக் கயிற்று வளையம் இணைத்திருக்கும், இரண்டு பேர் கைகளும் ஒன்றாக வீசி வர வேண்டும். "இடப்பக்கம் வளைவு", "ரெண்டு எட்டுல மேடு" என்று நான் பாதையைச் சொல்ல, வேகத்தை அவர் தீர்மானிப்பார். இருட்டு விலகாத ஒரு காலையில் திடீரென்று, "அண்ணா, காலுக்கடியில சத்தம் மாறுது, மெதுவாப் போவோம்" என்றார். விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால், பாதை முழுக்கக் கண்ணாடி போல உறைபனி. அன்று இரண்டு பேரும் முழுசாக வீடு சேர்ந்தது அவரால்தான். போட்டிகளில் வழிகாட்டி ஓட்டக்காரர் எல்லைக் கோட்டை முதலில் தொடக் கூடாது என்று விதி இருக்கிறது. கடைசி நாளில் நாங்களும் அப்படியே முடித்தோம், அவர் முன்னால், நான் பின்னால்.

விடிவதற்கு முன்பே எழுந்து அரங்கக் கதவைத் திறந்துவைத்த காவலாளி ஐயாவுக்கு நன்றி. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டபோதெல்லாம் காசு வாங்காமல் பார்த்த பிசியோதெரபிஸ்டுக்கு நன்றி. பெயர் போடாமல் பணம் அனுப்பியவர்களே, உங்களை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை, ஆனால் இந்த மடல் உங்களுக்கும்தான். பலர் மாரியப்பன் தங்கவேலுவின் பெயரைச் சொல்லித் தந்தீர்கள். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வென்றவரை நினைத்துத் தந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த மேடைக்கு வெகு முன்னால், ஒரு பயிற்சியாளரும் பயிற்சிக்கு ஓர் இடமும் வேண்டியிருக்கிறதே, அதற்குத்தான் உங்கள் பணம் போகிறது.

"பாவம், அவர்களுக்கு ஏதோ என்னால் ஆனது" என்று ஒருவர் எழுதி அனுப்பியிருந்தார். அக்கா அவருக்குப் பதில் போட்டார்: "ஒரு ஆட்டம் வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க." அவர் வந்தார். அடுத்த வாரம் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். 1948-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மேன், சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு வில்வித்தைப் போட்டி நடத்தியபோது கலந்துகொண்டவர்கள் 16 பேர். 1960-இல் ரோமில் நடந்த முதல் பாராலிம்பிக்கில் 400 பேர். பரிதாபப்பட்டு இதைக் கூட்டியிருக்க முடியாது. போட்டி என்று நடத்தினார்கள், ஜெயிக்க வேண்டும் என்று வந்தார்கள்.

ரசீது கிடைக்காதவர்கள் கழகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், அனுப்பிவைப்பார்கள். பயிற்சி நேரத்தில் அரங்கம் எல்லோருக்கும் திறந்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். கூடைப்பந்துக்கு வந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடலாம். பார்வை இல்லாதவர்கள் ஆடும் கோல்பால் பார்க்க வந்தால் மட்டும் போனை அணைத்துவிட்டு, சத்தம் போடாமல் இருங்கள். பந்துக்குள் இருக்கும் மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர்கள் ஆடுகிறார்கள். கோல் விழுந்ததும் கை தட்டலாம்.

நன்றியுடன்,
உங்களோடு ஓடியவன்