சீப்புச் சீடையும் என் கட்டைவிரலும்: பலகாரக் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடிப் பக்கம் பலகாரம் போட்டு விற்கும் ஆச்சிமாருக்கும் அண்ணன்மாருக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும், பேர் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அடுப்படியில் நிற்கிறவள். தேன்குழல், மனகோலம், அதிரசம் எல்லாம் போடுவேன். சீப்புச் சீடை மட்டும் என் கைக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். போன தை மாதம் மதுரையில் வலது கட்டைவிரலின் அடி மூட்டில் ஆபரேஷன் ஆனது. இப்போது ஆடி. ஆவணி முகூர்த்த ஆர்டர்களும் அதன் பின்னாலேயே தீபாவளியும் வந்துவிட்டால் உங்களுக்கு இதைப் படிக்க நேரமிருக்காது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். பேனா பிடித்தால் பத்து வரியில் வலி வந்துவிடுகிறது. இது போனில் இடது கையால் தட்டியது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீப்புச் சீடை எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் கல்லாவில் உட்கார்ந்து ரொம்ப நாளானவர்களுக்கு மறந்திருக்கலாம். அச்சில் பட்டையாகப் பிழிந்த மாவை விரல் நீளத்துக்கு வெட்டி, ஆள்காட்டி விரலில் சுற்றி, இரண்டு முனையும் சேருகிற இடத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து கொடுத்து உருவிப் போட வேண்டும். அந்த அழுத்து குறைந்தால் எண்ணெயில் வாய் பிளந்துவிடும். ஒரு கல்யாணத்துக்கு அப்படி எத்தனை அழுத்து என்று நான் எண்ணியதில்லை. டாக்டர்தான் ஒரு கணக்கு சொன்னார்: விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தினால் அடி மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ பாரம் இறங்குமாம். அதை என் இருபத்திரண்டு வருஷத்தோடு பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

முதலில் சாவி திருக முடியவில்லை. அப்புறம் எண்ணெய் பாட்டில் மூடி. கட்டைவிரல் அடியில் எலும்பு மேடு தட்டிக்கொண்டு வந்தது. சரவாங்கி என்கிற முடக்குவாதமோ என்று பயந்தேன், இல்லை, இது தேய்மானம். மூட்டுக்கு நடுவே இருக்கும் வழுவழுப்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம் என்றார்கள். மாத்திரை, விரலை ஆடாமல் பிடிக்கும் பட்டை, மூட்டுக்குள் ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. ஊசி மூன்று மாதம் தாங்கியது.

ஆபரேஷனில் கைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். மணிக்கட்டுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் ட்ரபீசியம் என்று ஒரு குட்டி எலும்பு. அதை எடுத்துவிட்டு, பக்கத்துத் தசைநாரில் ஒரு பகுதியைப் பிரித்துச் சுருட்டி அந்தக் குழிக்குள் மெத்தை மாதிரி வைத்தார்கள். படம் போட்டுக் காட்டியபோது, "அட, சீப்புச் சீடை சுத்துற மாதிரில்ல இருக்கு" என்றேன். டாக்டர் சிரித்தார். அவர் சீடை சாப்பிட்டிருப்பார், சுற்றிப் பார்த்திருக்க மாட்டார்.

ஆபரேஷன் ஒரு காலை நேரத்து வேலைதான். அதற்குப் பிறகு வந்த மாதங்களைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நாலு வாரம் மாவுக்கட்டு, அப்புறம் வெந்நீரில் இளக்கி என் கைக்கு அச்செடுத்த பிளாஸ்டிக் பட்டை. கையை நெஞ்சுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும், தொங்கவிட்டால் வீங்கும். ஒரு கையால் சேலை கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கொசுவம் கூடப் பிடித்துவிடலாம். ஜாக்கெட் கொக்கி முடியவே முடியாது. என்னோடு வேலை பார்க்கும் புதுவயல்காரி காலையில் நாலரைக்கு வந்து எனக்குத் தலை பின்னி, கொக்கி மாட்டி, பின் குத்திவிட்டு, ஐந்து மணிக்கு உங்கள் அடுப்பைப் பற்றவைக்க ஓடுவாள். ஆறு வாரம், ஒரு நாள் விடவில்லை. கண்டனூர் அக்கா ஒவ்வொரு தடவையும் மதுரைக்குக் கூட வந்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், மதுரை பஸ்ஸில் எடுக்க வேண்டும். அதோடு அவருக்கு அன்றையக் கூலியும் போகும். மாட்டுத்தாவணிக் கூட்டத்தில் என் கையில் யாரும் இடிக்காமல் அவர் முன்னால் முழங்கையை விரித்துக்கொண்டு போன போக்கு இருக்கிறதே, மஞ்சுவிரட்டுக் காளைக்குக்கூட அப்படி வழி கிடைத்திருக்காது. இன்னொருத்தி தன் சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்து, பணத்தை என் அரிசிப் பானையில் போட்டுவிட்டுப் போனாள். எங்கள் அடுப்படிப் பெரியவர் தினமும் பிரண்டைத் துவையல் கொடுத்தனுப்பினார். எலும்பு வளருமாம். எடுத்துப்போட்ட எலும்பு திரும்ப முளைத்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

பட்டையைக் கழற்றியதும் பயிற்சி. கட்டைவிரலை ஒவ்வொரு விரல் நுனியிலும் தொட வேண்டும். மெத்தென்ற களிமண் மாதிரி ஒன்றை அமுக்க வேண்டும். அது இல்லாததற்குப் புதுவயல்காரி தேன்குழல் மாவில் ஓர் உருண்டை கொண்டுவந்தாள். முதல் நாள் அதில் என் விரல் ரேகை மட்டும் விழுந்தது, குழி விழவில்லை. அதைப் பார்த்துத்தான் அழுதேன். ஆபரேஷனுக்கு அழவில்லை.

ஒரு சாயங்காலம் கூட வேலை பார்ப்பவர்களும் திண்ணையில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து விரலை ஆட்டினார்கள், விளையாட்டாகத்தான். கண்டனூர் அக்காவின் கட்டைவிரல் அடியில் நறநறவென்று சத்தம். ஐந்து பேரும் கையைத் திருப்பிப் பார்த்தோம். மூன்று பேருக்கு அந்த மேடு இருக்கிறது. என்னைத் தூக்கிவிட்டவர்கள்தான் அடுத்த வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கொக்கி மாட்ட என் கைக்கு இன்னும் பலம் வரவில்லை. முழுப் பலம் வர ஒரு வருஷம் ஆகலாமாம்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நான் வேலை பார்த்த இடத்தில் பன்னிரண்டு பேர். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்துக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கட்ட வேண்டும், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள். எங்களைப் பதியவில்லை. என் கூலி நாளுக்கு 400 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 13 ரூபாய். என் பங்கு 0.75 சதவீதம், 3 ரூபாய். கட்டியிருந்தால் வைத்தியத்தோடு, படுத்திருந்த நாளுக்குக் கூலியில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைத்திருக்கும். என் கணக்கில் சுமார் 25,000 ரூபாய். அந்த 13 ரூபாய் உங்களுக்கு மிச்சமானதாக நினைக்கிறீர்கள். புதுவயல்காரியும் சீட்டு எடுத்தவளும் அதைக் கட்டியிருக்கிறார்கள். "கை சரியாகட்டும், அப்புறம் பாப்போம்" என்ற பதில்தான் எனக்குக் கிடைத்தது. கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, முறுக்கு உரல். இரண்டு கையாலும் இறுக்கிப் பிழியும் உரலை எடுத்து வையுங்கள். திருகு உரல் வாங்கித் தந்திருக்கிறோமே என்பீர்கள். அதுவும் கட்டைவிரலைத்தான் பிடிக்கிறது. மேசையில் முடுக்கி, நீளக் கைப்பிடியை உள்ளங்கையால் கீழே அழுத்துகிற மாதிரி நம்ம ஊர் லேத் பட்டறையிலேயே செய்ய முடியும். மெஷின் கேட்கவில்லை. மெஷின் வந்தால் எங்களுக்கு வேலை போகும், உங்களுக்குப் பெட்டியில் 'கைப்பக்குவம்' என்று அச்சடிக்க முடியாது. சீடையை மூன்று பேர் மாற்றி மாற்றிச் சுற்றட்டும், ஒருத்தியே நாள் முழுக்க வேண்டாம்.

சுகாதாரத் துறையாருக்கும் ஒரு வரி, யாராவது கொண்டுபோய்ச் சேருங்கள்: மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021 முதல் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. கை ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால், விரலைத் தொட்டுக் காட்ட மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்காது.

ஆவணி பிறந்ததும் வேலைக்கு வருகிறேன். சீடை சுற்ற மாட்டேன். அதிரசப் பாகு பதம் பார்ப்பேன், தண்ணீரில் விட்ட பாகை இடது கையால் உருட்டிப் பார்க்கப் பழகிவிட்டேன். புது உரல் செய்யக் கொடுப்பதாக இருந்தால் பட்டறைக்குப் போகும்போது எங்களில் ஒருத்தியைக் கூட்டிப் போங்கள். கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று நின்று காட்டுவாள்.

இப்படிக்கு,
சீப்புச் சீடைக்காரி