வாடையில் நிற்காதே

பாம்பன்,
மார்கழி 3.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே பேசலாம்தான். ஆனால் நான் ‘என்னப்பா’ என்பதற்குள் நீ ‘நல்லா இருக்கேன்ப்பா, அம்மா எங்கே’ என்கிறாய். போன் கை மாறிவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்ணாடி பழசு என்று எடுத்துக்கொள். கை நடுங்கவில்லை.

இங்கே வாடை பிடித்துவிட்டது. விடியற்காலையில் காதில் துண்டு கட்டாமல் யாரும் கடல் பக்கம் போவதில்லை. நீயும் பைக்கில் போகும்போது காதை மூடிக்கொள். ஹெல்மெட் மட்டும் போதாது, உள்ளே மப்ளர் கட்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே.

புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. படகு வந்தால் நடுத்துண்டை மோட்டார் அப்படியே பதினேழு மீட்டர் மேலே தூக்கிவிடுகிறது. ஒருவரும் வியர்வை சிந்தத் தேவையில்லை. பழைய பாலத்தில் எங்களுக்கு லீவரைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கை காய்த்த பிறகுதான் பாலம் வாயைத் திறக்கும். சரி, அது 1914-ல் கட்டினது, அதற்கு அதுதான் மரியாதை.

எங்கள் கேங் மேஸ்திரி முந்தாநாள் வீட்டுக்கு வந்தார். ஒரு வாடைக் காலத்தில் இரவு டூட்டி முடிந்து விடிந்தபோது அவருக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நீ அப்போது கைக்குழந்தை. முகவாதம் என்றார்கள். டீ குடித்தால் ஓரத்தில் வழியும், ஒரு கண் மூடாது, வெற்றிலையைத் துப்பினால் சட்டையில்தான் விழும். டாக்டர் மாத்திரை கொடுத்து, கண்ணாடி முன்னால் நின்று ‘ஆ, ஈ, ஊ’ சொல்லச் சொன்னார். பலூன் ஊதச் சொன்னார். நாங்கள் மடையர்கள், சிரித்தோம். மனுஷன் மூன்றே மாதத்தில் பழையபடி விசில் ஊதி எங்களை வேலைக்கு விரட்டினார். இதைச் சும்மாதான் எழுதுகிறேன். அவர் வந்தார், நினைவு வந்தது.

காதை மூடிக்கொள்.

டிசம்பர் கச்சேரிப் பட்டியல் வந்த அன்று இரண்டு பேப்பர் வாங்கினேன். ஒன்றில் விட்டுப்போயிருக்கலாம் இல்லையா. இரண்டிலும் உன் பெயர் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் போனில் உங்கள் பேண்ட் போஸ்டரைக் காட்டினான். டிரம்ஸ்காரர் இருக்கிறார், சாக்ஸபோன் பையன் இருக்கிறான், குழலோடு வேறு யாரோ நிற்கிறார்கள். ‘அண்ணன் லீவு போல’ என்றான். ஆமாம், ரயில்வேக்காரன் மகன், லீவு சேர்த்து வைத்திருப்பான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன் அம்மா இதையெல்லாம் எழுதக் கூடாது என்கிறாள். எழுதிவிட்டேன்.

நீ என்ன குறைவாகவா செய்தாய்? ராமேஸ்வரத்தில் சங்கு, பாசிமணி விற்கிற கடையில் வாங்கின குழல்தான் உன் முதல் குழல். சுருதியே சேராத மூங்கில். அதை வைத்துக்கொண்டே ராமநாதபுரம் வாத்தியார் உனக்கு ஒரு வருஷம் சரளி வரிசை சொல்லிக்கொடுத்தார். பிறகு வானொலித் தேர்வு, பி கிரேடு, பி ஹை. சென்னையில் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி. கேன்டீனில் இருந்த கூட்டத்தில் கால்வாசிதான் ஹாலுக்குள் இருந்தது, ஆனாலும் நீ வாசித்த ஆனந்தபைரவிக்கு வாசல் காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் பார்த்தேன். அப்புறம் ஜெர்மனி. கத்தரித்த பேப்பரெல்லாம் தகரப் பெட்டியில் தேதிவாரியாக இருக்கிறது.

இந்த ஃப்யூஷன் விஷயத்தில் எனக்குக் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். கோயம்புத்தூரில் ஒன்றரை மணி நேரத்தில் நீ வாசித்தது மொத்தம் இருபது நிமிஷம் இருக்குமா? மீதியெல்லாம் அடிதான். ஆனால் 2024 பிப்ரவரியில் சக்தி என்கிற ஃப்யூஷன் குழுவுக்கும் கிராமி, குழல் வாசிக்கிற ராகேஷ் சௌராசியாவுக்கு ஒரே இரவில் இரண்டு கிராமி என்று செய்தியில் வந்ததும், டீக்கடையில் ‘என் மகனும் அந்த வகைதான் வாசிக்கிறான்’ என்று முதலில் சொன்னது நான்தான். குழல்காரர் சஷாங்க் பன்னிரண்டு வயதில் மியூசிக் அகாடமியில் வாசித்தார், நீ பதினைந்தில் வர்ணத்தில் நிற்கிறாய் என்று உன்னைக் குத்திக்காட்டினதும் நான்தான். அது வேண்டாத பேச்சு.

புல்லாங்குழல் மேதை மாலி கச்சேரியை ஒத்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவாராம், வந்தாலும் பாதியில் எழுந்து போய்விடுவாராம் என்று உன் வாத்தியார் கதை கதையாகச் சொல்வார். அது மாலி. ஜனங்கள் அதற்கும் டிக்கெட் வாங்குவார்கள். நாம் போகவில்லையென்றால் இன்ன காரணம் என்று சொல்லிவிட வேண்டும். அவருடைய சிஷ்யர் ரமணி ஊர் ஊராக ஒழுங்காக வாசித்தே 1996-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார். வடக்கத்திக் குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவின் அப்பா மல்யுத்தக்காரர், மகனைக் கோதாவில் இறக்கப் பார்த்தார், மகன் அவருக்குத் தெரியாமல் பாட்டுப் படித்தார் என்று நீதானே சொன்னாய்? ‘நீங்க என் பயில்வான்ப்பா’ என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அதோடு இன்னொன்றும் சொன்னாய், அது நினைவிருக்கிறதா? அவர் நாடறிந்த பிறகு அன்னபூர்ணா தேவி என்கிற குருவிடம் போய், குழலை இடப்பக்கம் மாற்றிப் பிடித்து முதலிலிருந்து படித்தார் என்று. அத்தனை பெரியவருக்கே முதல் ஸ்வரம் இரண்டாம் தடவை வரத்தான் செய்தது.

கோயம்புத்தூர் மேடையில் நீ அந்தக் கதையை மறுபடியும் சொன்னாய். உன் முதல் ரேடியோக் கச்சேரிக்காகப் பாம்பன் தூக்குப்பாலத்தில் லீவரை நிறுத்திவிட்டு அத்தனை பேரும் கேட்டார்கள், அப்பா அழுதார் என்று. ஜனம் கைதட்டியது. முடிந்ததும் ஒரு அம்மா வந்து என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

2005-ல் நடந்தது அது இல்லை, தம்பி. அன்று காலை படகே வரவில்லை. லீவரை யாரும் தொடவில்லை. டிரான்சிஸ்டர் என் பக்கத்தில்தான் இருந்தது. இலங்கை ரேடியோ கணீரென்று கேட்கும், மதுரைக்குத்தான் கொஞ்சம் திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் திருப்பவில்லை. அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, அரைமணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில்வே பரீட்சைக்குப் போகாமல் ஹால் டிக்கெட்டை மடிப்புக் கலையாமல் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாயே, அந்த வீம்பு. வேறு ஒரு காரணமும் இல்லை. மேஸ்திரிகூட ‘இன்னிக்கு உம் பையன் இல்லையா’ என்று கேட்டார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன்.

சாயங்காலம் நீ போன் பூத்திலிருந்து கூப்பிட்டு ‘கேட்டீங்களாப்பா’ என்றாய். உன் குரல் இருந்த இருப்பில் எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனந்தபைரவி என்று அம்மா சொல்லித் தெரியும், அதைச் சொன்னேன். பாலத்தை, லீவரை, அழுகையை எல்லாம் அங்கேயே நின்று சேர்த்தேன். நீ அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவாய் என்று நினைக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும். இருபது வருஷமாக அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இனிமேல் மேடையில் அதைச் சொல்லாதே. சொன்னால் நடந்தபடி சொல். எனக்கு ஒன்றும் இல்லை.

ஆடியில் நீ நாலு நாள் இங்கே இருந்தாய். குழல் பை அலமாரி மேல் வைத்தது வைத்தபடி இருந்தது. டீ குடிக்கும்போது இடது ஓரத்தில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டாய். போட்டோவுக்கு வலது கன்னத்தை மட்டும் காட்டி நின்றாய். மருமகளிடம் கேட்டால் ‘நல்லா இருக்கார் மாமா’ என்று கேள்வி முடிவதற்குள் பதில் வருகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் ஒரு வரி எழுது. பலூன் வேண்டுமானால் இங்கே பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கிறது.

இன்னொன்று. அந்த ரேடியோக் கச்சேரியை வாத்தியார் வீட்டில் கேசட்டில் பிடித்தார்கள் என்று அம்மா சொல்கிறாள். அது உன்னிடம் இருந்தால் அனுப்பு. நம் டேப்ரிக்கார்டரில் பெல்ட்தான் போயிருக்கிறது, ராமநாதபுரத்தில் மாற்றித் தருகிறார்களாம்.

மேஸ்திரி மகன் வெள்ளிக்கிழமை சென்னைக்கு வருகிறான். அவன் கையில் நெய் கொடுத்தனுப்புகிறேன். படுக்கும் முன் உதட்டில் தடவு. குளிருக்கு உதடு வெடிக்கக் கூடாது. கணவாய்க் கருவாடு தனிப் பொட்டலம். நெய்யோடு சேர்த்து வைக்காதே, வாடை ஏறிவிடும்.

காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
அப்பா