ஞாயிறு பயணம்: வடக்கன்குளம், இடையன்குடி, மணப்பாடு

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்து வேன் கிளம்பும், தாமதம் செய்யாதீர்கள்.

முதலில் வடக்கன்குளம். பிறகு புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர். ஆனால் நான் உங்களைக் கூட்டிப்போக ஆசைப்படுவது அங்குள்ள திருக்குடும்பக் கோவிலின் அமைப்புக்காகத்தான், பலிபீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கை பிரிந்த மாதிரி இரண்டு கூடம், ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், ஒரே பூசையை ஒருவரை ஒருவர் பார்க்காமல் காண வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள்! 1910-இல்தான் இரு சாதியாரையும் பிரித்த தடுப்பு உடைந்தது, அதற்கும் நீதிமன்றம் வரை வழக்கு போனது. ஊர்ப் பெரியவர்களிடம் இதைக் கேட்கும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள், வீடியோ எடுப்பதாக இருந்தால் முதலில் அனுமதி.

அப்புறம் இடையன்குடி. கால்டுவெல் கட்டிய ஆலயம், அவரது கல்லறையும் அதற்குள்தான். 1847-இல் தொடங்கி 1880-இல் முடித்தார்.

சாயங்காலம் மணப்பாடு, மணல் குன்றின் மேல் சிலுவைக் கோவில், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. காற்று பலமாக அடிக்கும், குடை உதவாது, தொப்பியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பூசை நேரத்தில் உள்ளே படம் வேண்டாம். வருகிறவர்கள் வியாழனுக்குள் பெயர் போடுங்கள், 14 இடம்தான்.