கையேடு இல்லாத பதிப்பகங்களுக்கு

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு வணக்கம்.

மெய்ப்புப் பார்த்து, அதாவது அச்சுக்கு முன் நூலில் பிழை திருத்திப் பிழைப்பவர்களில் ஒருவன் எழுதுகிறேன். கேட்பது கூலி உயர்வு அல்ல (அதற்குத் தனி மடல் வரும்). உங்கள் பதிப்பகத்துக்கென்று ஒரு நடைக் கையேடு வேண்டும், எந்தச் சொல்லை எப்படி எழுதுவது, எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்று முடிவு சொல்லும் கையேடு, அவ்வளவுதான்.

இலக்கண நூலும் அகராதியும் போதாதா என்பீர்கள். போதாது. வல்லினம் எங்கே மிகும் என்பதை நன்னூல் சொல்லும். ரஷ்யாவா, ருஷ்யாவா, உருசியாவா என்பதைச் சொல்லாது. ‘கொண்டுவந்தான்’ என்று சேர்ப்பதா, பிரிப்பதா? தலைப்பெழுத்துக்குப் பின் இடைவெளி உண்டா? நூல் பெயருக்குச் சாய்வெழுத்தா, மேற்கோள் குறியா? இவற்றில் சரியும் தவறும் தேடிப் பயனில்லை. யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டும். செய்யாததால், முதல் மெய்ப்பில் ஒருவர் பிரித்ததை இரண்டாம் மெய்ப்பில் இன்னொருவர் சேர்க்கிறார். பக்கம் வடிவமைப்பவர் இருவரையும் திட்டுகிறார். அச்சான நூலின் பெயரடைவில் பீஜிங் ஓரிடத்திலும் பெய்ஜிங் வேறிடத்திலும் நிற்கின்றன, இரண்டு ஊர்களைப்போல.

மின்னூல் வந்தபின் சிக்கல் கண்ணுக்கே தெரிவதில்லை. ‘ஔ’ என்னும் ஓரெழுத்துக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள். திரையில் வேறுபாடு எளிதில் தெரியாது. ஆனால் வாசகர் ஔவையாரைத் தேடினால் அந்த நூலில் ஔவையார் இல்லை என்று பதில் வரும். ‘ஸ்ரீ’யும் அப்படித்தான், யூனிகோடில் அதன் முதலெழுத்தாக ஸகரத்தையும் இடலாம், வடமொழி ஶகரத்தையும் இடலாம், இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். எத்தனை கூர்மையான கண்ணும் இதைப் பிடிக்காது. ‘அச்சுக்கு அனுப்பும் முன் இவற்றைத் தேடி மாற்றுக’ என்று கையேட்டில் ஒரு வரி இருந்தால் பிடித்துவிடலாம்.

அரசோ பல்கலைக்கழகமோ பொதுவிதி வகுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ணை, லை, றா போன்றவற்றின் இன்றைய வடிவங்களைப் பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசாணை வந்தது 1978இல். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் ஹோரஸ் ஹார்ட் 1893இல் தம் அச்சுக்கோப்பவர்களுக்காக வகுத்த விதிகள் சிறு கையேடாகத்தான் தொடங்கின. 1904இல்தான் அது பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது.

எழுத்தாளர்கள் கோபிப்பார்கள் என்ற தயக்கம் நியாயமானது. கரிசல் பேச்சை எழுத்துத் தமிழாகத் ‘திருத்தி’ நாவலைக் கெடுக்கும் மெய்ப்பர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். உரையாடலில் கை வைக்கக்கூடாது என்று கையேடே எங்களைக் கட்டுப்படுத்தட்டும். கிரந்த எழுத்தை அறவே ஒதுக்கும் ஆசிரியரின் நூலுக்குத் தனிக் குறிப்புத்தாள் ஒன்றை இணைத்துவிட்டால் போதும்; அவர் ‘சனவரி’ என்றே எழுதட்டும், ஆனால் கடைசிப் பக்கம்வரை சனவரியாகவே இருக்கட்டும்.

தொடக்கத்துக்கு நான்கு பக்கம் போதும். அதை ஒப்பந்தத்துடன் சேர்த்தே எழுத்தாளருக்கு அனுப்பிவிடுங்கள். நூல் மெய்ப்புக்கு வந்தபின் காட்டினால் சண்டைதான் மிஞ்சும். கையேட்டில் இல்லாத ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரே ஒருவர் பெயர் போதும். புத்தகக் காட்சிக்கு முந்தைய டிசம்பரிலும் அவர் தொலைபேசியை எடுப்பவராக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்பர்