ஷீல்டும் சம்பளக்காரர்களும்

அன்புள்ள முருகா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. இங்கே பையனுக்குப் பரீட்சை முடிந்து ரிமோட் அவன் கைக்குப் போய்விட்டது. மார்வெல் படங்களை வரிசையாக ஓட்டுகிறான், நானும் உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்த ஷீல்டு உளவு நிறுவனத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அயர்ன் மேன் கோடீஸ்வரன், தோர் கடவுள். அந்த உலகத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் ஷீல்டில்தான் இருக்கிறார்கள். எனக்கு அவர்களைத்தான் பிடிக்கிறது.

தலைவர் நிக் ஃப்யூரியைச் சொல்லவில்லை. அவருக்கென்ன, 1963-லேயே இரண்டாம் உலகப்போர் சார்ஜன்ட்டாகக் காமிக்ஸில் வந்துவிட்டார். 2002-இல் அல்டிமேட்ஸ் காமிக்ஸ் அவருக்கு நடிகர் சாமுவேல் ஜாக்சனின் முகத்தைக் கொடுத்தது, பிறகு படத்தில் ஜாக்சனே வந்து நடித்தார். நான் சொல்வது அங்கே வேலை பார்க்கும் ஏஜென்ட் கோல்சனை. காமிக்ஸில் இல்லாத ஆள், 2008 அயர்ன் மேன் படத்துக்காக உருவாக்கியது. கோட்டு சூட்டு, பணிவான பேச்சு, மனசுக்குள் கேப்டன் அமெரிக்கா ரசிகன். 2012 அவெஞ்சர்ஸ் படத்தில் அவரைக் கொன்றார்கள். மறு வருஷமே ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு’ டிவி தொடருக்காக உயிரோடு கொண்டுவந்தார்கள். கொஞ்சம் ஓவர்தான், ஆனாலும் மன்னித்துவிட்டேன்.

அப்புறம் 2014-இல் வந்த கேப்டன் அமெரிக்கா படம், விண்டர் சோல்ஜர். ஷீல்டுக்குள்ளேயே ஹைட்ரா என்ற எதிரி அமைப்பு ஊறிப்போயிருப்பது அதில்தான் தெரியும். ஷீல்டும் ஹைட்ராவும் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் செய்த 1965-ஆம் வருஷத்து ஒரே காமிக்ஸ் கதையில் அறிமுகமானவை என்பது தெரிந்தால் இது இன்னும் சுவைக்கும். படத்தில் கேப்டன் மைக்கில் உண்மையைச் சொன்னதும், கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் ஓர் இளைஞனின் தலையில் துப்பாக்கியை வைத்து, பறக்கும் போர்க்கப்பல்களை ஏவச் சொல்கிறார்கள் ஹைட்ரா ஆட்கள். அவன் நடுங்கிக்கொண்டே மாட்டேன் என்கிறான். சக்தியும் கிடையாது, கவசமும் கிடையாது. மொத்தப் படத்திலும் எனக்குப் பெரிய வீரன் அவன்தான்.

அதே வாரத்தில் டிவி தொடரிலும் நிறுவனம் உடைந்தது. அதுவரை சுமாராக ஓடிய தொடர், பக்கத்து மேசைக்காரனையே நம்ப முடியாத நிலை வந்ததும் சூடு பிடித்தது. அப்படியே 2020 வரை ஏழு சீசன் ஓடியது. நீ பார்ப்பதானால் முதல் சீசனின் பதினாறு எபிசோடுகளைப் பொறுத்துக்கொள், பதினேழிலிருந்துதான் கதை. யார் துரோகி என்று மட்டும் முன்கூட்டியே தேடிப் பார்த்துவிடாதே.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல். மே மாதம் வருகிறாயா இல்லையா, எழுது.

அன்புடன்,
சேகர்