நன்றி நவிலல்: ஒரு செவ்வரத்தம்பூவுக்காக

அன்புடையீர்,

'நன்றி நவிலல்' என்ற தலைப்பைக் கண்டதும் எங்கள் ஊரில் முதலில் வருகிற கேள்வி "ஆர் செத்தது?" என்பதுதான். செத்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கிற 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். பயப்பட வேண்டாம், எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். இந்த நன்றி, வாசலுக்கு மேலே வைக்க நான் செய்த ஒரு கலர்க் கண்ணாடிப் பூவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு. செத்தது ஈயம் உருக்குகிற ஒரு சோல்டரிங் அயன் மட்டும். அதன் கதை பிறகு வரும்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் அம்மம்மா வீட்டு வாசல் நிலைக்கு மேலே இரண்டடி அகலமும் ஓரடி உயரமுமாக ஒரு கலர்க் கண்ணாடி இருந்தது. வீடு மேற்குப் பார்த்த வீடு. பின்னேர வெயிலில் கூடத்துச் சீமெந்துத் தரையில் சிவப்பும் பச்சையும் விழும். சின்ன வயதில் அதற்குள் காலை வைத்து விளையாடுவோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தம் நெருங்க, வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரையும் போலத் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரை இருந்தது, கண்ணாடி இல்லை. "இப்போதைக்கு" என்று சொல்லி அப்பா அந்த இடத்தில் ஒரு தகரத்தை அடித்தார். அந்த இப்போதைக்கு இருபத்தெட்டு வருடம் இருந்தது.

கணித ஆசிரியையாக ஓய்வு பெற்ற பிறகு, வேறு வேலை இல்லாத ஒரு நாளில், அந்தத் தகரத்தைக் கழற்றினால் என்ன என்று தோன்றியது. ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் பொழுதுபோக்காக ஸ்ரெயின்ட் கிளாஸ் செய்கிறவள். அவளிடம் கேட்டபோது, "ஈசி அடி, நீயே செய்யலாம்" என்றாள். முதல் நன்றி அந்தப் பொய்க்குத்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் தொடங்கியே இருக்கமாட்டேன்.

கண்ணாடித் துண்டுகளை ஈயச் சட்டத்தில் கோத்து யன்னலாக்குவது ஐரோப்பியத் தேவாலயங்களில் பல நூற்றாண்டுகளாக இருக்கிற முறை. மச்சாள் காட்டியது அதுவல்ல. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செப்பு ரேப்பைச் சுற்றி, அடுத்தடுத்து வைத்து, இடையில் வெள்ளீயம் கலந்த ஈயம் உருக்கி ஒட்டுகிற முறை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ரிஃபனி விளக்குகளால் பெயர் பெற்றது. இதில் சின்னத் துண்டுகளையும் வளைவுகளையும் வைக்கலாம் என்பதால் ஒரு செவ்வரத்தம்பூ வரைந்தேன். ஐந்து இதழ், நான்கு இலை, சுற்றிவர வெள்ளைக் கண்ணாடி, எல்லாமாக 29 துண்டு.

கண்ணாடிக்கு எங்கே போவது? வண்ணார்பண்ணையில் நாற்சார வீடொன்றை இடித்துக்கொண்டிருந்த குடும்பத்தினர், பழைய யன்னல்களில் இருந்த கலர்க் கண்ணாடியைக் காசு வாங்காமல் தந்தார்கள். "விறகுக்குப் போற யன்னல்தானே ரீச்சர், கழற்றிக்கொண்டு போங்கோ" என்றார்கள். பிறகு பார்த்தால் அம்மா ஒரு பிஸ்கட் ரின்னை எடுத்துவந்தார். 96இல் வாசலில் கூட்டிப் பொறுக்கிய எங்கள் சொந்தக் கண்ணாடித் துண்டுகள் அதற்குள் இருந்தன. கைக்குட்டையில் சுற்றி இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார். ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "எறிஞ்சா ஆருக்கும் காலில குத்தும்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஓர் இதழுக்குப் போதுமான அளவுள்ள சிவப்புத் துண்டுகள் அதில் மூன்றே மூன்று.

இனி ஸ்ரான்லி வீதிப் பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தம்பிக்கு. இவர் என்னிடம் பத்தாம் வகுப்பில் கணிதம் படித்தவர். அந்தக் காலத்தில் நான் இவரை ஏசியதற்கெல்லாம் வட்டியோடு திருப்பித் தந்தார்.

கண்ணாடியை வெட்டுகிறோம் என்று சொன்னாலும் உண்மையில் நாங்கள் வெட்டுவதில்லை. கட்டரின் சின்னச் சில்லு மேலே ஒரு மெல்லிய கீறலைத்தான் போடுகிறது. அந்தக் கீறல் வழியே கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்க வேண்டும். சில்லை மண்ணெண்ணெயில் தோய்த்து, ஒரே அழுத்தமாக, விளிம்பிலிருந்து விளிம்புவரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். சரியாக இழுத்தால் பட்டுச்சேலையைக் கிழிப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். சத்தம் வராத இடத்தில் கீறல் விழவில்லை என்று அர்த்தம். நான் என்ன செய்தேன்? சத்தம் வராத இடத்தில் திரும்பவும் ஒருதரம் இழுத்தேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் "பிழைத்தால் திருப்பிச் செய்" என்று சொன்ன வாய் அல்லவா? இரண்டாந்தரம் கீறினால் விளிம்பு நொறுங்கி, வெடிப்பு தான் நினைத்த பக்கம் ஓடும். கட்டரின் சில்லும் பழுதாகும். இப்படித்தான் அம்மாவின் ரின்னிலிருந்த மூன்றில் இரண்டு போயின.

மூன்றாவதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், "நீர் வெட்டித் தாரும்" என்றேன். தம்பி மாட்டேன் என்றார். கடையில் கிடந்த கழிவுக் கண்ணாடி ஒரு பெட்டி நிறையத் தந்து, "இவ்வளவையும் கீறி முடிச்சிட்டு வாங்கோ" என்றார். வீட்டுப்பாடம்! இரண்டு கிழமை கீறினேன். உள்ளே குழிந்த வளைவை ஒரே கீறலில் எடுக்க முடியாது, பிறை பிறையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தெடுக்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டியில்தான் படித்தேன். திரும்பப் போனபோது அவர் என் சிவப்புத் துண்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கண்ணாடி முழுவதும் சிவப்பில்லை. நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடிக்கு மேலே ஒரு தோல்போல மட்டும் சிவப்பு. முழுத் தடிப்பும் சிவப்பாக இருந்தால் வெளிச்சம் போகாமல் கறுத்துவிடும் என்பதற்காகப் பழைய காலத்தில் அப்படிச் செய்வார்களாம். "வெள்ளைப் பக்கத்தில கீறுங்கோ ரீச்சர்." கீறினேன். சத்தம் வந்தது. தம்பி கடையில் நின்ற ஆட்களைப் பார்த்து, "பாஸ்" என்றார். கணிதத்தில் அவருக்கு நான் போட்ட புள்ளியை இந்த இடத்தில் எழுதமாட்டேன்.

கோண்டாவில் சின்னம்மா தையல்காரி. 29 துண்டுக்கும் கடதாசி மாதிரி வெட்டித் தந்தவர் அவர். முதல் தடவை நான் வெட்டிய மாதிரிகளை வைத்துச் செய்தபோது பூ வந்தது, ஆனால் அகலம் இரண்டடியைத் தாண்டி ஒரு சென்ரிமீற்றர் போயிருந்தது. சின்னம்மா ஒரு பார்வையில் பிடித்துவிட்டார். துணியில் தையலுக்கென்று கூட விட்டு வெட்டுகிறோம். இங்கே இரண்டு துண்டுக்கு நடுவில் ரேப்பும் ஈயமும் வந்து உட்கார இடம் வேண்டும், அதனால் குறைத்து வெட்ட வேண்டும். கோட்டின் மேலே வெட்டாமல் கோட்டையே வெட்டி எறி என்றார். ஒரு வரிசையில் ஒன்பது துண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீற்றர் என்றால் கணக்கு ஒன்பது மில்லிமீற்றர். இதை நான் எத்தனை வகுப்புக்குப் படிப்பித்திருப்பேன்!

மரச்சட்டம் செய்த ஓடாவியாரிடம் போய், "கொஞ்சம் செதுக்கி விட்டால் உள்ளே போகும்தானே" என்று கேட்டேன். "செதுக்கலாம் பிள்ளை. ஆனா செதுக்க மாட்டன்" என்றார். அவருக்கு அப்போது வந்த கோபத்துக்கும் இப்போது நன்றி. விளிம்புகளைச் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர் விடாமல் தேய்த்தால் தூள் நெஞ்சுக்குள் போகும், ஆகவே யாரும் காயத் தேய்க்க வேண்டாம்.

அயன் கதை. மச்சாள் செப்பு ரேப்போடு தன்னுடைய நல்ல அயனையும் பார்சலில் வைத்திருந்தாள். நூறு வோற்ஸ். சந்தோஷத்தில் பிளக்கை மாற்றிச் சுவரில் செருகினேன். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், எங்களுக்கு 230. வோற்ஸ் வோல்ற்றின் வர்க்கத்தோடு கூடும்: 230ஐ 120ஆல் வகுத்து வர்க்கித்தால் 3.67. நூறு வோற்ஸ் அயன் முந்நூற்று அறுபத்தேழு வோற்ஸ் ஆகப் பார்த்தது, பாவம், அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. புகை, ஒரு 'டப்', முடிந்தது. றேடியோ திருத்துகிற அண்ணையிடம் கொண்டுபோனபோது அவர் சிரிக்கவில்லை. ஒரு வருத்தமான முகத்தோடு அதைக் கையில் வாங்கி, பிரேதத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு இங்கத்தைய அயன் ஒன்றை வாங்கச் சொல்லி, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு டிமர் பெட்டியும் செய்து தந்தார். அவர் பாவிக்கிற ஈயக்கம்பிக்குள் பிசின் இருக்கும். கண்ணாடி வேலைக்கு அது ஒட்டுப்பிசுக்காகப் பிடித்துவிடும், பிசின் இல்லாத கட்டிக் கம்பி வாங்குங்கள் என்றும் சொன்னார். அவருக்கு அரைக் காசு கொடுத்தேன், மீதியை வாங்கவில்லை.

ஈயம் வைக்கப் பழக்கியவர் நகை செய்கிற கன்னாதிட்டிப் பத்தர் ஐயா. பொடி வைத்து ஊதுகிறவர்களின் கை எப்படிப் போகிறது என்று ஒரு முற்பகல் முழுவதும் பட்டறையில் இருந்து பார்த்தேன். என் முதல் மாதிரியில் ஈயம் முத்து முத்தாக உருண்டு நின்றது. "ஈயத்தைச் சூடாக்காதையுங்கோ. செம்பைச் சூடாக்குங்கோ, ஈயம் தானாப் போய்ப் படுக்கும்" என்றார். இந்த ஒரு வசனத்துக்கு அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. நகை ஒட்ட முன் பூசுகிற தன்னுடைய வெண்காரம் உதவாது, அது உருகவே 700 பாகைக்கு மேலே வேண்டும், என் ஈயமோ 190 பாகையிலேயே தண்ணீராகிவிடும் என்று சொல்லி, தகரவேலைக்காரர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் ஒரு சின்னப் போத்தலில் திராவகம் தந்தார். துத்தநாகத்தை அமிலத்தில் கரைத்தது. பூசியதும் செம்பு பளிச்சென்றது, ஈயம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

வேலை முடிந்ததும் கழுவச் சொல்லியிருந்தார். களைப்பில் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஓரமெல்லாம் பச்சை. 'செம்பிற் களிம்பு' என்று சைவநெறிப் பாடத்தில் ஆணவத்துக்கு உவமை சொல்வார்களே, அதை என் மேசையிலேயே பார்த்தேன். அம்மா குத்துவிளக்குக்குக் கரைத்த புளியில் கொஞ்சம் தந்தார். பழந்துணியால் தேய்க்க, போய்விட்டது. ஆணவம் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பக்கத்து வீட்டு டொக்டர் தங்கச்சி வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டம் போட்டார்: அந்த மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கக் கூடாது, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், பேரப்பிள்ளை அறைக்குள் வரக்கூடாது. ஈயம் ஆவியாகிற அளவுக்கு அயன் சூடாவதில்லை, புகை திராவகத்தினுடையது. ஈயம் கையாலும் சாப்பாட்டாலும்தான் உள்ளே போகும். புகைக்கு யன்னலைத் திறந்து ஒரு ஃபானும் வைக்கச் சொன்னார். கேட்டேன், பெரும்பாலும்.

போன கிழமை ஓடாவியார் தகரத்தைக் கழற்றிப் பூவை ஏற்றினார். செதுக்காமலே உள்ளே போனது. ஐந்து இதழில் நான்கு வண்ணார்பண்ணை, ஒன்று எங்களுடையது. எங்களுடையது கொஞ்சம் கருஞ்சிவப்பு. கீழே நின்று பார்த்தாலே தெரிகிறது. மூன்றாவது இலையில் ஈயக்கோடு தடித்துக் கிடக்கிறது, அதுவும் தெரிகிறது. பின்னேரம் ஐந்து மணிக்கு அம்மா கூடத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். தரையில் சிவப்பு விழுந்தபோது காலை நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. பேரன்தான் "அம்மாச்சிக்குச் செருப்புக் கலர் மாறிட்டுது" என்று கத்தினான்.

பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் சொன்னதால் போடவில்லை. பத்தர் ஐயா, உங்கள் சின்னச் சாவணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வருகிற திங்கள் கொண்டுவருகிறேன். தம்பி, கழிவுக் கண்ணாடி இன்னொரு பெட்டி எடுத்து வையும். பின்கதவு நிலைக்கு மேலேயும் ஒரு தகரம் இருக்கிறது.

இங்ஙனம்,
ரீச்சர்,
கொக்குவில்.