ஏழு ரூபாய் ஷேரும் எங்க அத்தானும்

பாம்பன்
ஜூன் 10, 2025

அன்புள்ள நூரு,

பக்ரீத் வாழ்த்து, லேட்டாத்தான். பிரியாணி இந்த வருஷமும் வந்து சேரலைங்கிறதையும் இங்கேயே பதிவு பண்ணிக்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. தம்பி ஆகஸ்ட்ல மஸ்கட்லேர்ந்து வாறான். புதுப் பாலம் ஏப்ரல்ல திறந்ததுலேர்ந்து ரயில் ராமேஸ்வரம் வரைக்கும் போகுது, அதனால "மண்டபத்துல இறங்கி பஸ் மாறினா இடுப்பு போயிரும்"கிற உன் பழைய சாக்கு இனிமே செல்லாது.

விஷயத்துக்கு வாறேன். அத்தான் போட்டை வித்துட்டாரு.

திடுக்குன்னு இருக்குல்ல? எங்களுக்கும் அப்படித்தான். மீன்பிடித் தடைக்காலத்துல எல்லாரும் போட்டைக் கரையேத்தி மராமத்து பார்ப்பாங்க, இவரு ஆள் பார்த்து விலை பேசிட்டாரு. டீசல் விலை, போன வருஷம் பக்கத்துப் போட்டை இலங்கை நேவி புடிச்சிட்டுப் போய் இன்னும் வராதது, அக்கா ராத்திரியெல்லாம் ஜெபமாலையும் கையுமா உக்காந்திருந்தது, எல்லாம் சேர்ந்துதான். அதுல தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனா வித்த பணம் பேங்க்ல கிடக்கு, அதை மொத்தமா ஒரே ஷேர்ல போடப் போறேன்னு நிக்கிறாரு. அதுவும் வோடபோன் ஐடியா. யாரோ ஒரு வாட்ஸ்அப் குரூப் பையன் சொல்லிட்டானாம், "அண்ணே, ஏழு ரூபா எழுபது ஆகும்"னு.

உனக்கு ஆடிட்டர் ஆபீஸ்ல இதெல்லாம் பச்சைத் தண்ணி. ஆனா நான் அத்தானுக்கு எப்படிச் சொன்னேனோ அப்படியே எழுதுறேன். கணக்கு சரியான்னு பாரு, வேற ஒரு வேலையும் இருக்கு, அதைக் கடைசியில சொல்றேன்.

போன வாரம் ஐஸ் கம்பெனிக்கே வந்துட்டாரு. நான் கரண்ட் பில்லைப் பதிஞ்சுக்கிட்டு இருக்கேன், மேஜை மேல போனை நீட்டுறாரு. திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமா கோடு. "ஸ்டெல்லா, ஏர்டெல் ஒரு ஷேர் ஆயிரத்து எண்ணூத்தம்பது, இது ஏழு. எது மலிவு, நீயே சொல்லு" அப்படிங்கிறாரு. ஐஸ் பில் புக்கைத் திருப்பி, பின்பக்கத்துல கணக்கு போட்டேன்.

ஏழு ரூபாய்ங்கிறது ஒரு துண்டோட விலை. துண்டு எத்தனை? ஏப்ரல்ல அரசாங்கம் தனக்கு வரவேண்டிய 36,950 கோடியை ஷேரா மாத்திக்கிட்ட பிறகு மொத்தம் ஏறக்குறைய 10,834 கோடி ஷேர். ஏழால பெருக்கு, 75,000 கோடிக்கு மேல வருது, அதுதான் கம்பெனியோட சந்தை மதிப்பு. ஏர்டெல்லுக்கு 600 கோடி ஷேர் சொச்சம்தான், அதனாலதான் அங்கே ஒண்ணு ஆயிரத்து எண்ணூறு. 2019ல இருக்கிற ஷேர்காரங்களுக்கே புது ஷேர் வித்த உரிமைப் பங்கு வெளியீடு முடிஞ்சப்போ ஐடியாவுல இருந்தது 2,873 கோடி ஷேர். ஆறு வருஷத்துல கிட்டத்தட்ட நாலு மடங்கு. அப்போ நூறு ஷேர் வாங்கிப் பெட்டியில வச்சவனுக்கு இன்னைக்கும் அதே நூறுதான் இருக்கு, ஆனா கம்பெனியில அவன் பாத்தியதை கால்வாசியாச் சுருங்கிருச்சு. விலை இறங்கினதை எல்லாரும் பார்க்கிறாங்க, இது யார் கண்ணுக்கும் படுறதில்லை. அத்தான் கொஞ்சம் முகம் சுருங்கினாரு. "சரி, மேல சொல்லு" அப்படின்னாரு.

ஷேர் விலையை ஒரு ஷேருக்கு வர்ற லாபத்தால வகுக்கிற பி.இ. ரேஷியோவை எடுத்தேன். எடுத்த இடத்துலயே நின்னுபோச்சு, லாபமே இல்லையே, எதால வகுக்கிறது? 2023-24ல நஷ்டம் 31,238 கோடி, இப்போ மே கடைசியில வந்த 2024-25 கணக்குல 27,383 கோடி. லாபம் இருக்கிற இடத்துலயும் பி.இ.யை அப்படியே நம்பிற முடியாது. ஏர்டெல் லாபம் 2023-24ல 7,467 கோடி, அடுத்த வருஷம் 33,556 கோடி. வியாபாரம் நாலரை மடங்கா ஆயிருச்சா? இண்டஸ் டவர்ஸ்ங்கிற டவர் கம்பெனியைத் தன் கணக்குல சேர்த்தப்போ வந்த ஒருதடவை லாபமும் வரிக் கணக்குல வந்த வரவும் அதுல கிடக்கு. அதை வச்சு பி.இ. போட்டா ஷேர் மலிவாத் தெரியும். "ஏர்டெல் வாங்கு"ன்னும் நான் சொல்லலைன்னு அவருக்கு அங்கேயே தெளிவாச் சொல்லிட்டேன்.

ஒரு வேடிக்கை கேளு. முதலுக்கு எத்தனை சதவீதம் லாபம்னு சொல்ற ஆர்.ஓ.இ. போட்டுப் பார்த்தேன். நஷ்டம் மைனஸ் 31,238. 2024 மார்ச் கடைசியில நிகர மதிப்பு, அதாவது சொத்துல கடனைக் கழிச்சா மிஞ்சுற முதல், மைனஸ் 1,04,167 கோடி. மைனஸை மைனஸால வகுத்தா? கால்குலேட்டர் வெட்கமே இல்லாம பிளஸ் 30 சதவீதம்னு காட்டுது! நம்ம ட்ரையல் பேலன்ஸ் வாத்தியார் இருந்திருந்தா அந்தக் கால்குலேட்டரைப் பெஞ்சு மேல ஏத்தியிருப்பாரு. கடனுக்கும் முதலுக்கும் உள்ள விகிதமும் அதே கதை, மைனஸா வந்து நிக்கும். உங்க சின்ன மாமா துபாய்ல வடிகட்டிப் பார்த்துத்தான் ஷேர் வாங்குவாரே, கடன் மூணுல ஒரு பங்கைத் தாண்டினா தொடமாட்டேன்னு, அவரு வடிகட்டி முன்னாடி இந்தக் கம்பெனியை நிறுத்தினா வடிகட்டியே கிழிஞ்சிரும்.

அப்புறம் எபிட்டா. இங்கேதான் அத்தானுக்குப் புரிஞ்சது, ஏன்னா அவரோட போட்டையே உதாரணமா வச்சிச் சொன்னேன். கரைக்கு வந்ததும் மீன் வித்த காசுல டீசல், ஐஸ், ஆட்கள் பங்கு எல்லாம் கழிச்சு மிச்சத்தை எண்ணுவீங்களே, அதுதான் எபிட்டா. இன்ஜின் வேலை, புது வலை, வாங்கின கடனுக்கு வட்டி, எதுவும் இன்னும் கழியலை. அந்தக் காசைப் பார்த்துட்டு "இன்னைக்கு லாபம்"னு நீங்க எப்பயாவது சொல்லியிருக்கீங்களான்னு கேட்டேன். "சொன்னா உங்க அக்கா வெளக்குமாத்தாலயே போடுவா" அப்படின்னாரு.

2023-24ல ஐடியாவோட எபிட்டா 17,000 கோடிக்குக் கொஞ்சம் மேல. கேட்கப் பெரிசா இருக்கு. ஆனா 2019 ஏப்ரல்லேர்ந்து கணக்கு முறை மாறுச்சே, இண்ட் ஏ.எஸ். 116, டவர் வாடகையைச் செலவுல காட்டாம, குத்தகைக் கடன்னு எழுதி, தேய்மானத்துலயும் வட்டியிலயும் தள்ளுறது. வாடகை என்னவோ மாசாமாசம் பணமாத்தான் போகுது. அதைக் கழிச்சுட்டு கம்பெனியே சொல்ற ரொக்க எபிட்டா சுமார் 8,400 கோடிதான். பாதி காணாமப் போயிருச்சு! எபிட்டாவைப் போட்டு மலிவுன்னு சொல்றவன்கிட்ட எந்த எபிட்டான்னு முதல்ல கேட்கணும் நூரு. டவர் வாடகைக்கு எடுத்து நடத்துற தொழில்ல இது சின்ன விஷயமே இல்லை.

வட்டியைப் பாரு. அதே வருஷம் நிதிச் செலவு 25,700 கோடிக்கு மேல. 17,000த்தை அதால வகுத்தா 0.66. ஒரு ரூபாய் வட்டிக்கு அறுபத்தாறு காசு சம்பாதிக்கிறாங்க, அதுவும் ஒரு டவர்ல ஒரு ஆன்டெனா மாத்துறதுக்கு முன்னாடி. என்னைக் கேட்டா மத்த விகிதம் எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டு இந்த ஒண்ணைப் பார்த்தாலே போதும். இந்தத் தொழில்ல ஸ்பெக்ட்ரத்தை, அதாவது அலைவரிசையை, இருபது வருஷத்துக்குத் தவணையில வாங்கிப் போட்டுட்டு, சம்பாதிச்சுக் கட்டணும். கட்டுறதுக்குச் சம்பாத்தியம் இருக்கான்னு சொல்றது எபிட்டாவை வட்டியால வகுத்த இந்த விகிதம்தான்.

கடன் பெரும்பாலும் பேங்குக்கு இல்லை, அரசாங்கத்துக்கு. 2024 மார்ச்ல சுமார் 2,03,000 கோடி, பேங்குக்கு 4,000 கோடி சொச்சம்தான். இதுல ஏ.ஜி.ஆர். பாக்கி, அதாவது வருமானத்துல அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய பங்கு, ஒரு பெரிய துண்டு. அதைக் கட்டியே ஆகணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன 2019 அக்டோபர் 24 தீர்ப்பு ஞாபகம் இருக்கா? அதுக்கு அடுத்து வந்த காலாண்டுக் கணக்குல ஐடியா காட்டின நஷ்டம் 50,921 கோடி, ஏர்டெல்லே 23,045 கோடி நஷ்டம் காட்டுச்சு. ஏப்ரல்ல மாத்தின 36,950ஐக் கழிச்சு, மிச்சக் கடனையும் சந்தை மதிப்பையும் கூட்டி, அந்த 17,000 கோடி எபிட்டாவால வகுத்தேன். தோராயமா 14 மடங்கு. ரொக்க எபிட்டாவால வகுத்தா 29. அதே மாதிரி ஏர்டெல்லுக்குப் போட்டுப் பார்த்தா அதுவும் 14 பக்கத்துலதான் வந்து நிக்குது. ஏழு ரூபாயும் ஆயிரத்து எண்ணூத்தம்பதும் ஒரே விலை! வட்டி கட்ட முடியுறவனுக்கும் முடியாதவனுக்கும் ஒரே விலைன்னா எது மலிவுன்னு அத்தானே சொல்லட்டும்னு பில் புக்கை அவர் பக்கம் தள்ளினேன். குத்தகைக் கடனைக் கூட்டலை, அதையும் சேர்த்தா ஐடியா இன்னும் விலை கூடித்தான் தெரியும். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாப் பாரு, உன் கை பட்டா நல்லது.

அவரு சும்மா விடலை. ரெண்டு கேள்வி கேட்டாரு, ரெண்டும் நல்ல கேள்வி.

ஒண்ணு, ரீசார்ஜ் விலை ஏறுதேன்னு. ஏறுது. 2024 மார்ச் காலாண்டுல ஒரு வாடிக்கையாளர்கிட்டேர்ந்து மாசத்துக்கு ஏர்டெல்லுக்கு 209 ரூபாய், ஜியோவுக்கு 181 ரூபாய் 70 காசு, ஐடியாவுக்கு 146. இருபத்தோரு கோடி வாடிக்கையாளர்கிட்ட முப்பது ரூபாய் கூட வாங்கினா வருஷத்துக்கு 7,500 கோடி, அதுல பெரும்பகுதி எபிட்டாவுக்கே வந்து விழும், ஏன்னா டவர் செலவு ஏறப்போறதில்லை. இதை நான் மறுக்கலை, ஏழு எழுபதாகும்கிற கனவோட வேரே இங்கேதான் இருக்கு. ஆனா விலை ஏறினா ஆள் நிக்கணுமே. ஏர்செல் நம்ம ஊர்ல எப்படிக் கொடிகட்டிப் பறந்துச்சு! 2018ல திவால் மனு. வாடிக்கையாளர் எண்ணிக்கை அதைக் காப்பாத்தலை. இன்னொண்ணு, 2021 செப்டம்பர்ல அரசாங்கம் நாலு வருஷத்துக்கு இந்தப் பாக்கித் தவணையை நிறுத்தி வச்சிச்சே, அந்த நாலு வருஷம் இந்த செப்டம்பரோட முடியுது. கூட வர்ற 7,500 கோடி எந்தப் பக்கமாப் போகும்னு நீயே பாரு.

ரெண்டாவது கேள்வி: "அரசாங்கமே நாற்பத்தொன்பது சதவீதம் வச்சிருக்கு, மூழ்க விட்டுருமா?" மூழ்க விடாது, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மூணு தனியார் கம்பெனி இருக்கிற இடத்துல ரெண்டா ஆகுறதை எந்த அரசாங்கமும் விரும்பாது. ஆனா கம்பெனியைக் காப்பாத்துறது வேற, ஷேர்காரனைக் காப்பாத்துறது வேற. பாக்கியை மறுபடி ஷேரா மாத்தினா கம்பெனி மூச்சு விடும், அத்தானோட துண்டு இன்னும் மெலியும். டெல்லி, மும்பை டெலிபோன் கம்பெனி எம்.டி.என்.எல்.ல அரசாங்கத்துக்குப் பாதிக்கு மேலயே இருக்கு, போன வருஷம் பேங்க் கடனையே கட்டாம நின்னுச்சே. அப்படிச் சொன்னதும் அவரு ஒண்ணும் பேசலை, போனைச் சட்டைப் பையில வச்சிக்கிட்டாரு.

நூரு, இதுவரைக்கும் கிண்டலா எழுதிட்டேன். எனக்குப் பயம் விகிதத்துல இல்லை. சம்பளக்காரன் பணம் போனா அடுத்த மாசம் சம்பளம் வரும். இவருக்கு ஜூன் 14 ராத்திரி தடை முடியும்போது ஏறிப் போக போட்டு இல்லை. அந்தப் பணம்தான் இவரோட போட்டு, வலை, மக நர்சிங் படிப்பு எல்லாம். அம்பத்தஞ்சு வயசுல இன்னொருத்தன் போட்டுல கூலிக்குப் போறதை நினைச்சுப் பார்க்கவே முடியலை, அக்கா அதைத்தான் தினம் நினைச்சுக்கிட்டு இருக்கு. காலையில எந்திரிச்சதும் ஜெட்டிக்குப் போறாரு, பழக்கத்துல. மத்தவன் பெயின்ட் அடிக்கிறதைப் பார்த்துட்டு வந்து போனைத் திறந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டு இருக்காரு. அவருக்கு ஷேர் வேணுமோ என்னமோ, ஒரு தொழில் வேணும்னு எனக்குத் தோணுது. கடல்ல பாதி வாழ்க்கை போன ஆளு, ஆபத்து இல்லாத எதுவும் அவருக்குத் தொழில் மாதிரியே தெரியலை போல.

அதனால அந்த வேலை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பத்து மணிக்கு மேல அத்தானுக்கு ஒரு போன் போடு. நான் சொன்னா "கொழுந்தியா பேச்சு"ன்னு சிரிச்சுட்டுப் போயிருவாரு, உன்னை அவரு இன்னமும் "ஆடிட்டரம்மா"ன்னுதான் சொல்றாரு. பணத்தைப் பத்தி நீயா ஆரம்பிக்காதே, அவரே ஆரம்பிப்பாரு. வேண்டாம்னு மொட்டையாச் சொன்னா வீம்புக்கே வாங்குவாரு, உனக்குத் தெரியாதா. பெரும்பகுதியை டெபாசிட்ல பூட்டிட்டு, பத்துல ஒரு பங்கை மட்டும் அவர் ஆசைக்கு விடச் சொல்லலாம்னு அக்கா சொல்லுது. எனக்கு இருபதுல ஒண்ணே அதிகம்னு படுது. நீ என்ன சொல்றேன்னு எனக்கு முதல்ல சொல்லு.

பில் புக் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறேன். கையெழுத்து புரியலைன்னா கேளு, காலேஜ்ல மாதிரி நீயா ஒரு சைபர் சேர்த்துக்காதே.

அன்புடன்
ஸ்டெல்லா

பி.கு.: அடுத்த தடவை வரும்போது பஷீர் கடை ஓமப்பொடி. ரெண்டு பாக்கெட். போன தடவை வழியிலேயே தீர்ந்துபோச்சுன்னு சொன்னதை நான் நம்பலை.